பழைய ஏடுகளில் நம்மவர் கண்ணீர்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் பங்குக் குரு நிகழ்த்திய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பங்கின் வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். கோவில் எப்போது எழும்பியது, மணி யார் வாங்கிக் கொடுத்தது, எந்தெந்தச் சாமியார்கள் இங்கே பணி செய்தார்கள் என்பதெல்லாம் இந்த மலரின் மற்றப் பக்கங்களில் படங்களோடு வருகிறது. அதை நான் திருப்பிச் சொல்வது வீண். பங்கு இல்லத்து இரும்பு அலமாரியில் இருக்கிற பழைய புத்தகங்களைப் பற்றியும், அவற்றைத் தேடி வருகிறவர்களைப் பற்றியும், பார்த்த பிறகு அவர்களுக்கு என்ன நேருகிறது என்பதைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். இதுவும் நம் பங்கின் வரலாறுதான். படம் எடுத்துப் போட முடியாத வரலாறு.

முன்பெல்லாம் இந்தப் புத்தகங்களைத் தேடி வருகிறவர் இரண்டே வகையினர். ஒருவர், கலியாணத்துக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டி வருகிறவர். மற்றவர், சொத்து வழக்குக்காக வயது அத்தாட்சி கேட்டு வருகிறவர். இப்போது மூன்றாவது வகையினர் வருகிறார்கள். "சாமி, எங்க பூட்டனார் இந்த ஊர்தான்னு சொல்லுவாங்க. அவர் பேர் இருக்கான்னு பாக்கணும்" என்கிறார்கள். அவர்களுக்குச் சர்டிபிகேட் வேண்டாம். ஒரு பெயர் வேண்டும், ஒரு தேதி வேண்டும், கூடுமானால் ஒரு கல்லறை வேண்டும்.

நம் மாவட்டத்தில் இந்தத் தேடல் எளிதன்று. 1697-இல் பூஷே சாமியார் ஆவூரில் கோவில் எழுப்பிய காலத்திலேயே இந்தச் சீமையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆனால் 1773-இல் சேசுசபை ஒடுக்கப்பட்டது. 1838 வாக்கில் பிரெஞ்சு சேசுசபையார் மீண்டும் வந்து மதுரை மிஷனைத் தொடங்கும் வரைக்கும் பல ஊர்களில் சாமியாரே இல்லை. சாமியார் இல்லாத இடத்தில் புத்தகம் ஏது? வந்த பிரெஞ்சுக்காரர்களிலும் பலர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே காலராவில் மாண்டு போனார்கள். பழைய ஏடுகளைப் புரட்டினால் ஒரு கையெழுத்து சட்டென்று நின்று, சில வாரம் கழித்து வேறொரு கையெழுத்து தொடங்கும். ஏன் நின்றது என்று ஏடு சொல்லாது. கொஞ்சம் தள்ளி, மரித்தோர் புத்தகத்தில், எழுதிக்கொண்டிருந்தவருடைய பெயரே எழுதப்பட்டிருக்கும்.

திருச்சபை ஏன் இவற்றை எழுதி வைத்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரிதெந்தின் சங்கம் 1563-இல் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல், மரித்தோரையும் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஆன்மாக்களையும் எப்படிக் குறிக்க வேண்டும் என்று மாதிரியே போட்டுக் கொடுத்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் 535-ஆம் எண்ணில், பழைய புத்தகங்களைக் கவனமாகப் பாதுகாக்கும்படி கட்டளையிடுகிறது. இவையெல்லாம் உறவு முறைத் திருமணத்தைத் தடுப்பதற்கும், ஒருவருக்கு இரண்டு மனைவியர் வராமல் பார்ப்பதற்கும் எழுந்த ஏற்பாடுகள். நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தி வந்து அழுவாள் என்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நம்மிடமுள்ள மரித்தோர் புத்தகத்தில் தாது வருஷத்துப் பக்கங்கள் இருக்கின்றன. 1876-இல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "தாது வருஷப் பஞ்சம்" என்றே சொல்லக் கேட்டிருப்பீர்கள். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர் மடிந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தானியம் இல்லாமலே போய்விடவில்லை. கப்பலிலும் ரயிலிலும் தானியம் போய்க்கொண்டுதான் இருந்தது. வாங்கக் காசு இல்லை. சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைகளில் ஆள் ஒன்றுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் குறைத்தார். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு கல் உடைக்க வேண்டும். மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ் துரை, இது உயிர் தாங்கப் போதாது என்று எழுத்து மூலம் சண்டை போட்டார். நம் பகுதி அப்போது தொண்டைமான் சமஸ்தானம். பஞ்சம் ஓய்ந்த 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களையும் ஊருணிகளையும் சீர் செய்ததை இந்த ஊர் நன்றியோடு நினைக்கிறது. ஆனால் குளம் வெட்டியபோது பலர் இல்லை.

அந்தப் பக்கங்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? மற்ற வருஷங்களில் ஒவ்வொருவருக்கும் நான்கு வரி இருக்கும்: பெயர், தகப்பன் பெயர், கடைசித் தேவதிரவிய அனுமானங்கள் பெற்றாரா, எங்கே அடக்கம். 1877-இல் நான்கு வரி இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. சில நாட்களில் பெயரும், "கொலேரா" என்ற ஒரு சொல்லும் மட்டும். சில இடத்தில் "ஃபாமே", அதாவது "பசியால்". ஞானஸ்நானப் புத்தகத்தில் அதே மாதங்களில் "இன் பெரிகூலோ மோர்த்திஸ்", சாகும் தறுவாயில், என்ற குறிப்பு மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கிறது. தகப்பன் தாய் பெயருக்கு எதிரே "இக்னோத்தி", தெரியாது. குழந்தையைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு யாரோ போயிருக்கிறார்கள். பிழைப்பதற்காக விட்டார்களா, விட்டுவிட்டுச் செத்தார்களா? அந்த இரண்டு எழுத்துக்களுக்கு நடுவில் ஒரு குடும்பமே மறைந்து கிடக்கிறது.

வேறு சில பெயர்களுக்கு எதிரே, குடும்பக் கணக்குப் புத்தகத்தில், ஒரே லத்தீன் சொல்: "ஆபியித்". போய்விட்டான். எங்கே என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டிச் சீமைக்குத்தான்.

கண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு 1830-களிலேயே நம் பக்கத்திலிருந்து ஆட்கள் நடக்கத் தொடங்கினார்கள். புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் இந்த ஐந்து சீமையும்தான் அந்தத் தோட்டங்களுக்குப் பெரும்பங்கு ஆள் கொடுத்தன. தொண்டியையோ இராமேசுவரத்தையோ நோக்கி நடை; பாய்மரத் தோணியில் மன்னார்; மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நூறு மைலுக்கு மேல் காட்டு வழி. தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, காய்ச்சல் உண்டு. அந்த வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் தகராறு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் என்பதில் தகராறு இல்லை. பஞ்சத்து ஆண்டான 1877-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கரை இறங்கினார்கள்.

இதையெல்லாம் நான் புத்தகத்திலே படித்திருக்கிறேன். படித்ததனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லட்சம் என்று படித்தால் மனிதனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒன்று என்று படித்தால்தான் ஆகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பம். சிறுமியாகக் கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். ஊர் பேரும் கோவிலின் பாதுகாவலர் பேரும் அவருடைய தாத்தா சொல்லிக் கொடுத்தது. தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்த கையோடு இதையும் மனப்பாடம் செய்வித்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பூட்டனாரின் தாய் ஒரே மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஞ்ச காலத்தில், ஆண்துணை இல்லாமல் கண்டிக்கு நடந்தே போனாள் என்பது. தைரியசாலிப் பெண் என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவள் பெயரைத் தேடித்தான் அந்த அம்மையார் வந்தார்.

பெயர் கிடைத்தது. இன்னாசிகளும் சவரியம்மாள்களும் பக்கத்துக்குப் பத்துப் பேர் இருக்கிற புத்தகத்தில் கிடைப்பது கஷ்டம். கணவன் பெயரும் தெரு பெயரும் பொருந்தியதால் கிடைத்தது. அவளுக்கு ஒரு மகன் அல்ல, மூன்று பிள்ளைகள். மூன்று ஞானஸ்நானமும் வரிசையாக இருக்கின்றன. பிறகு மரித்தோர் புத்தகத்தை எடுத்தோம். கணவன் முதலில். பிறகு, ஒரே மாதத்துக்குள், மூத்த பெண்ணும் கைக்குழந்தையும். அதற்கப்புறம் குடும்பக் கணக்கில் அந்த ஒற்றைச் சொல்.

அந்த அம்மையார் சத்தம் போட்டு அழவில்லை. கொஞ்ச நேரம் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "தைரியசாலின்னு சொன்னோமே சாமி. அது தைரியம் இல்லையே. அவளுக்கு இங்க இருக்க முடியலை" என்றார். அன்று மதியம் பங்கு இல்லத்தில் சாப்பாடு போட்டோம். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இறந்த குழந்தைக்காக, முகம் தெரியாத குழந்தைக்காக, இன்று ஒருவர் சோறு இறங்காமல் எழுந்திருக்கிறாரே, இது என்ன துக்கம்? பாசம் என்று சொல்ல முடியாது, பழகினால்தானே பாசம். எனக்குத் தோன்றுவது இது: அந்தத் துக்கம் புதிதாகப் பிறந்ததன்று. அந்தத் தாய்க்கு அழ நேரமில்லை. அவள் நடந்தாக வேண்டியிருந்தது. அவள் மகன் சிறு பிள்ளை, அவனுக்கு நினைவில்லை. பேரனுக்குச் சொல்ல ஆளில்லை. அழாமல் விட்ட அழுகை ஒரு வீட்டில் கடனாக நின்றுபோய், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் பேத்தி வரும்போது அவள் தலையில் வந்து விழுகிறது.

"எங்க தாத்தா இதை ஏன் மறைச்சார்?" என்று அவர் கேட்டார். இளைஞர்கள் இதையே கோபமாகக் கேட்கிறார்கள். பெரியவர்கள் சார்பாக நான் ஒன்று சொல்லுவேன். அவர்கள் மறைக்கவில்லை, தாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஊர் பேரைக் கொடுத்தார்கள், பாதுகாவலர் பேரைக் கொடுத்தார்கள், செபத்தைக் கொடுத்தார்கள். துயரத்தை மட்டும் கொடுக்கவில்லை. இது குற்றமா?

ஆனால் எழுதி வைக்காமல் போனதால் வந்த கேட்டையும் மறைக்கக் கூடாது. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அத்தீவிலேயே பிறந்தவன் ஆனாலும், தகப்பன் அங்கே பிறந்தவன் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சீட்டு ஏது? தேயிலைக்குக் கணக்கு இருந்தது, கொழுந்துக்குக் கணக்கு இருந்தது, பிறந்த பிள்ளைக்குக் கணக்கு இல்லை. தோட்டத்து மக்கள் பல லட்சம் பேர் ஒரு கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்றும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பிரிக்கிற கணக்கு. கடைசியாக அங்கே தங்கிவிட்டவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் முழுமையாக வந்தது. ஆக, நம் பூட்டன் யார் என்ற கேள்வி சிலருக்குப் பொழுதுபோக்கு. நம்மவர்க்கு அது ஒரு காலத்தில் இருக்க இடம் உண்டா இல்லையா என்ற கேள்வி.

நான் இதுவரை சொன்னதில் நம் முன்னோர் எல்லாரும் துன்பப்பட்டவர்கள். கேட்பதற்கு அழுகை வந்தாலும் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எல்லா வீட்டுப் புத்தகமும் அந்தச் சௌகரியத்தைக் கொடுப்பதில்லை.

நம் பகுதியிலேயே ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதனுள் எண் பொறித்த சில தகர வில்லைகள். 1901 முதல் கொஞ்ச காலம், கண்டித் தோட்டத்துக்குப் போகும் ஆள் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொள்ளும்படி கொடுத்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். பெயருக்கு இடமில்லை. அவற்றோடு ஒரு கணக்குச் சிட்டை. அந்த வீட்டின் பாட்டனார் கங்காணி. "எங்க பாட்டனார் நூறு குடும்பத்துக்கு வழி காட்டினவர்" என்று அந்த வீட்டில் சொல்லிக்கொள்வார்கள், அதுவும் பொய்யில்லை. சிட்டையில் வழி காட்டிய கூலி எழுதியிருந்தது. தோட்டத்தில் ஆள் நின்றால் தலைக்காசு. வழிச் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் ஆளின் பேரில் கடன். கடன் தீராமல் வேறு தோட்டம் போக வேண்டுமானால் கடனைக் குறிக்கும் "துண்டு" வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சிட்டையில் சில பெயர்களைக் கோடிட்டு அடித்து, "இறந்தான், பாக்கி மகன் பேரில்" என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயர்கள் யாருடைய பெயர்கள்? நம் புத்தகத்தில் உள்ள பெயர்கள். இன்று ஞாயிறு பூசைக்கு வந்து, அதே கோவிலில், இந்த வீட்டாருக்குப் பின்னால் உட்காருகிற குடும்பத்தின் பெயர்கள்.

அந்த வீட்டுக்காரர் சிட்டையை எடுத்துக்கொண்டு இரவில் என்னிடம் வந்தார். "சாமி, இதை எரிச்சிடலாமா? பிள்ளைங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார். துன்பப்பட்ட பாட்டனைக் கண்டுபிடித்தவனுக்குத் துக்கம். துன்பப்படுத்திய பாட்டனைக் கண்டுபிடித்தவனுக்கு வெட்கம். துக்கத்தைச் சொல்லி அழலாம். வெட்கத்தைச் சொல்லி யாரிடம் அழுவது? எரிக்க வேண்டாம், ஆனால் நீர் மட்டும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்றேன். பல நாள் யோசித்துவிட்டு, ஒருநாள் அந்த மற்றக் குடும்பத்துப் பெரியவரை அவரே பார்த்து வாசித்துக் காட்டினார். நானும் கூட இருந்தேன். பெரியவர் முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, உங்க பாட்டனார் ஏத்திவிடலேன்னா எங்க ஆளுக இங்கேயே செத்திருப்பாங்க. ஏத்திவிட்டவரு திரும்பி வரவும் விடல. ரெண்டையும் எழுதி வையுங்க."

இதைவிடச் சரியான தீர்ப்பை நான் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தச் சிட்டை இப்போது பங்கு அலமாரியில் இருக்கிறது. இரண்டு குடும்பமும் சம்மதித்துத் தந்தது.

மலேயா போனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கதை இங்கே பல வீடுகளில் உண்டு. 1942-இல் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்தவுடன் கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் பன்னீராயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பன்மடங்கு. அவர்களுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. 2023-இல்தான் அந்த ஊரில் தமிழர் நினைவாக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நடுகல் என்றால் என்னவென்று புதுக்கோட்டைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பேரன் வந்தார், கணினிப் பொறியாளர். அப்பாயியின் திருமணப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். கணவன் மலேயா போனவர். பிறகு செய்தி இல்லை. அப்பாயி சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. ஊரில் அவளை விதவை என்றும் சொல்லவில்லை, சுமங்கலி என்றும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கவும் விடவில்லை. கணவன் அந்த ரயில் பாதையில் இறந்தார் என்பதை, மலேசியாவில் இருக்கிற உறவினர் ஒருவர் மூலம் பேரன்தான் இப்போது கண்டுபிடித்தார். கணக்குப் பார்த்தால், அப்பாயி நாற்பது வருஷத்துக்கு மேல், இறந்துபோனவருக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

அவருக்குக் கோபம் திருச்சபைமேல். கணவன் இறந்தது உறுதியாகாமல் மறுமணம் இல்லை என்பது நம் சட்டம். எத்தனை வருஷம் காணாமல் போனாலும் அதுமட்டும் போதாது. ஆனால் அதே சட்டத்தில் வழியும் உண்டு. சாட்சிகளை விசாரித்து, இறந்ததாகக் கொள்ளலாம் என்று மேற்றிராணியார் தீர்ப்புச் சொல்லலாம். இன்றைய சட்டத்தில் 1707-ஆம் எண், பழைய காலத்திலும் அதற்கு விதிமுறை இருந்தது. அவளுக்காக அந்த மனுவை எழுதுவார் யாரும் இல்லை. அவளுக்கும் அப்படி ஒரு மனு உண்டென்று தெரியாது. இதை நான் அந்தப் பிள்ளையிடம் மழுப்பாமல் சொன்னேன். அவர் கோபம் தணிந்ததா என்று எனக்குத் தெரியாது. தணிய வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இப்படிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் சிலர் கொஞ்ச நாளில் வேறொரு கேள்வியோடு திரும்பி வருகிறார்கள். "சாமி, அந்தக் காலத்துல இப்படிச் செத்திருக்காங்களே, அந்தச் சாபந்தான் எங்க வீட்ல தொடருதோ? மகளுக்குக் கலியாணம் தள்ளிப் போகுது, மகனுக்கு உடம்பு சரியில்ல." சில செபக் கூட்டங்களில் குடும்ப மரம் எழுதி வாங்கி, பூட்டன் செய்த பாவத்தை அறுக்கிறோம் என்று செபிக்கிறார்கள், காணிக்கையும் உண்டு. இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நம் விசுவாசம் அல்ல. போலந்து நாட்டு ஆயர்கள் 2015-இலும், ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 2024-இலும் இத்தகைய வழிபாடுகளைக் கூடாதென்று எழுத்து மூலமாகவே விலக்கியிருக்கிறார்கள். தகப்பன் செய்ததற்குப் பிள்ளையைக் கேட்க மாட்டேன் என்பது எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தின் சாரம். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் இரண்டையும் மறுத்ததை அருளப்பர் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பட்டினியின் சுவடு உடம்பில் தங்குவது வேறு விஷயம். 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் வந்தபோது தாயின் கருவில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சில நோய்கள் கூடுதலாக வந்ததை மருத்துவர்கள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அது உடம்பின் கதை. அதற்கு மருத்துவர் இருக்கிறார். பசியால் செத்த ஒரு குழந்தை தன் தம்பியின் பேத்திக்குச் சாபமாக வரும் என்று நினைப்பது, அந்தக் குழந்தையை இரண்டாவது தடவை வீட்டைவிட்டுத் துரத்துவது அல்லவா?

மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தைக் கிறிஸ்துமசுக்கு முன்னால் வாசிக்கும்போது நீங்கள் கொட்டாவி விடுவதை நான் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே பெயர்ப் பட்டியல். ஆனால் யார் யார் பெயர் அதில் இருக்கிறது? மாமனாரால் ஏமாற்றப்பட்ட தாமார். ஊரார் ஏளனம் செய்த ராகாப். பஞ்சம் பிழைக்கப் போன வீட்டில் வாழ்க்கைப்பட்டு விதவையாகி அயல்நாட்டுக்கு வந்த ரூத். பெயர் சொல்லாமல் "உரியாவின் மனைவி" என்று குறிப்பிடப்படுகிறவள். தாவீது செய்த கொலை அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆண்டவருடைய குடும்பக் கணக்கிலேயே ஒன்றையும் அடித்துத் திருத்தவில்லை.

ஆனால் எல்லாப் பக்கத்தையும் எல்லாருக்கும் திறந்து காட்டிவிட முடியாது. இதில் என்மேல் சிலருக்கு வருத்தம் உண்டு. பழைய ஏடுகளில் சாதி எழுதியிருக்கிறது. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். சாவுக்குக் காரணம் எழுதியதில் தூக்கும் கிணறும் உண்டு. தன் வீட்டுத் துயரத்தைத் தேடி வருகிறவருக்குக் காட்டுகிறேன். அடுத்த வீட்டுக் குறையைத் தேடி வருகிறவர் எத்தனை நயமாகப் பேசினாலும், சம்பந்தம் பேசுவதற்கு முன் விசாரிக்கிறோம் என்றாலும், காட்டுவதில்லை. உயிரோடு இருக்கிறவர்களைப் புண்படுத்தும் பக்கம் என்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறேன். போனில் படம் எடுக்க விடுவதில்லை.

கப்பல் பட்டியல்களும் இப்போது கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து போனது முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்குப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா எல்லாம் எழுதிய பட்டியல் இருக்கிறது. மொரீஷியசில் மோக்கா என்ற ஊரில், மகாத்மா காந்தி நிலையத்தில், ஆட்களின் புகைப்படமே பலவற்றுக்கு இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். வாயால் உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடும். படித்த பிள்ளைகள் இதில் பெரியவர்களுக்கு உதவ வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து வந்தவர்கள், மலேயாவிலிருந்து வந்தவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள் நம் பங்கில் இன்னும் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.

ஜூபிலிக் குழுவோடு பேசி முடிவு செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, மாலைப் பூசைக்குப் பிறகு, 1876 முதல் 1878 வரையுள்ள மரித்தோர் பக்கங்களை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் கல்லறைத் தோட்டத்தில் வாசிக்கப் போகிறோம். தெரு பிரித்து வாசிக்க மாட்டோம், தேதி வரிசையில்தான். பெயர் தெரியாதவர்கள் என்று எழுதியிருக்கிற இடத்தில் "ஒரு குழந்தை" என்று வாசிப்போம். நேரமாகும். வயதானவர்களுக்கு நாற்காலி போட இளைஞர் சங்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கண்டியிலோ, மலேயாவிலோ, வழியிலோ இறந்து, அடக்கம் செய்த இடம் தெரியாதவர்களின் பெயர் உங்கள் வீட்டில் இருந்தால், அதற்கு முந்தின ஞாயிற்றுக்குள் கோவில்பிள்ளையிடம் எழுதிக் கொடுங்கள். பெயர் மட்டும் போதும். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. புத்தகம் பார்க்க விரும்புகிறவர்கள் செவ்வாய், வியாழன் மாலையில் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள், எழுத்து ரொம்பப் பொடி. குறித்துக்கொள்ள பென்சில் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், அந்தத் தாள் தாங்காது.